எட்டாவது புட்டி

வீட்டை விற்றுப் பணத்தைப் பங்கிட்டோம்.
காரை அவன் எடுத்துக்கொண்டான், பியானோவை நான்.
பன்னிரண்டு புட்டிகளில் வந்து
வழக்கு முட்டி நின்றது.
ஆளுக்கு ஆறு என்றார் நீதிபதி.
முடியாது என்றோம் இருவரும்,
ஒரே குரலில்.
அந்த ஆண்டு நாங்கள் ஒத்துப்போனது
அது ஒன்றில்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு பரோலோ.
செர்ராலுங்காவின் சுண்ணாம்பு மண்ணில்
பனி இறங்கும்வரை காத்திருந்து
பறித்த பழத்தின் சாறு.
முடிதிருத்தும் கவுதென்சியோவின் நிலவறையில்
கிடத்தினோம்.
கதவுக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி என்னிடம், மற்றது எர்மேத்தேயிடம்.
இரண்டு ஆண்டுக்கு ஒரு நவம்பரில்
சாவிகள் சந்தித்துக்கொள்ளும்.

முதல் புட்டியில் என்ன துவர்ப்பு!
மாதுளைத் தோலை மென்றதுபோல்
நாக்கு பல்லோடு ஒட்டிக்கொண்டது.
"பொறு, தேறிவிடும்" என்றான்.
எதைச் சொல்கிறாய் என்று கேட்டேன்.
பதில் இல்லை.

அவனுக்கு மூக்குதான் சொத்து.
அடுத்த அறையில் பால் திரிந்தால்
இங்கிருந்தே சொல்வான்.
என் கோட்டின் கழுத்துப்பட்டையில்
இன்னொருவனின் சுருட்டையும்
அப்படித்தான் கண்டுபிடித்தான்.

நான்காவது புட்டியில் துவர்ப்பு
கொஞ்சம் இடம் விட்டது.
ஆறாவதில் சிவப்பு வெளிறிச் செங்கல்லாகி
விளிம்பில் ஆரஞ்சு கசிந்தது.
ஏழாவதில்
கலங்கலெல்லாம் அடியில் போய் உட்கார்ந்திருந்தது.
அவன் கோப்பையைச் சுழற்றிக் கண்ணை மூடி
ஒவ்வொன்றாகச் சொன்னான்:
உலர்ந்த ரோஜா.
புதிதாய்ப் போட்ட தார்.
மழை நின்றபின் தோல்பை.
அவன் சொல்லச் சொல்ல
ஒவ்வொன்றும் என் மூக்குக்கும் வந்தது.
அன்று எங்களுக்குள் சண்டை இல்லை,
சண்டை இல்லாததைப் பற்றிப் பேச்சும் இல்லை.

நேற்று எட்டாவது.
மெழுகுவர்த்திக்கு நேரே
புட்டியின் கழுத்தைப் பிடித்து,
மெல்ல மெல்லச் சரித்து,
வண்டல் எட்டிப் பார்க்கும் முன் நிறுத்தினான்.
கை இன்னும் கெட்டுப்போகவில்லை.
ஆனால் கோப்பை என் மோவாய்க்கு வரும் முன்பே
எனக்குத் தெரிந்துவிட்டது.
நனைந்த அட்டைப்பெட்டி.
பூசணம் பூத்த சுவர்.
தக்கை கெடுத்துவிட்டது.
பழம் செத்து, பூ செத்து,
துவர்ப்பின் எலும்பு மட்டும்
நட்டுக்கொண்டு நின்றது.

அவன் சுழற்றினான்.
மூக்கை உள்ளே விட்டான். கண்ணை மூடினான்.
"உலர்ந்த ரோஜா" என்றான்.
"புதிதாய்ப் போட்ட தார்."
சற்று நிறுத்தி,
"மழை நின்றபின் தோல்பை."
அதே சொற்கள்.
அதே வரிசை.

மேலே கவுதென்சியோவின் அடுப்பில்
வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது.
எனக்குக் கண் எரிந்தது.
அவன் தலை திரும்பவில்லை.

முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவள் நான்,
எப்போதிருந்து இப்படி என்று
கேட்கத் தெரியாதவள் அல்ல.
பொய்யும் எனக்குப் புதிதல்ல.
என் பொய்களையெல்லாம் மோப்பம் பிடித்தவன்
எதிரே உட்கார்ந்து
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்" என்றேன், "ரோஜா."
முழுக் கோப்பையும் குடித்தேன்.
இன்னும் கொஞ்சம் ஊற்றினான்,
அதையும் குடித்தேன்.
ஹேசல் கொட்டைகளை வாய் நிறையப் போட்டு
மென்றுகொண்டே இருந்தேன்.
குறிப்பேட்டில் எட்டு என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டம் காலி.

வெளியே மூடுபனி,
எதிர்வீட்டு விளக்குக்கூட இல்லை.
என் பூட்டு விழுந்தது.
அவன் தன் பூட்டின் துளையை
விரலால் தடவிக்கொண்டு,
துளையிடமே பேசுகிறவன்போல்,
"இன்னும் நான்கு இருக்கின்றன" என்றான்.
"அடுத்த முறை
தக்கையை நீ முகர்ந்து பார்த்துச் சொல்."